உன் நம்பர் 41 கிடைத்தது

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் மூன்று தலைமுறை ராணுவக் காகிதங்கள் இருக்கின்றன. கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போருக்குப் போனவர். தாத்தா இரண்டாவதற்கு. அப்பாவுக்கு 1965, 1971 என்று இரண்டு வாய்த்தன. இவ்வளவு போர் பார்த்த பெட்டியில் போரைப் பற்றி ஒரு பாரா தேறாது. குண்டு விழுந்ததாகவோ யாரும் செத்ததாகவோ எங்கேயும் எழுதியிருக்காது. கபாலி கோயில் தெப்பக்குளத்தில் எத்தனை படி தெரிகிறது, லஸ் டிராம் நேரத்துக்கு வருகிறதா, அறுபத்துமூவர் அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதா, கச்சேரி ரோடு டப்பா செட்டி கடையில் குழந்தைக்கு வசம்பு கிடைத்ததா என்று பக்கம் பக்கமாக இருக்கும். போருக்குப் போனவர்கள் மயிலாப்பூரைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பெட்டி கறுப்புத் தகரம். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் தாத்தாவின் ராணுவ நம்பர், பெயர், கம்பெனி. நம்பர் மட்டும் இன்னும் பளிச்சென்று இருக்கிறது, பெயர் பாதி உரிந்துவிட்டது. ராணுவத்தில் முக்கியம் எதுவோ அது நிலைத்திருக்கிறது என்று அப்பா சிரிப்பார்.

இந்தக் காகிதங்கள் பாசத்தால் காப்பாற்றப்பட்டவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காப்பாற்றியது பென்ஷன். டிஸ்சார்ஜ் புத்தகம், பே புக், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவு, பார்ட் டூ ஆர்டர் நகல் இவற்றில் ஒன்று குறைந்தாலும் மாதப் பணம் நிற்கும் என்பது பாட்டிக்குத் தெரியும். ராணுவத்தில் ஒருவருக்குக் கல்யாணமானாலும் பிள்ளை பிறந்தாலும் அது பார்ட் டூ ஆர்டரில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஊரறிய தாலி கட்டியவளும் சர்க்கார் கணக்கில் மனைவியல்ல. பாட்டியின் பெயரில் ஒரே ஒரு எழுத்தை எந்தக் குமாஸ்தாவோ மாற்றிப் போட்டுவிட்டார். தாத்தா 1980இல் போனபிறகு அந்த எழுத்துக்காக அவள் ஓர் அலுவலகத்தின் மரப் பெஞ்சில் எத்தனையோ காலை நேரங்களை உட்கார்ந்தே கழித்தாள். "நான்தான் அவர் பெண்டாட்டின்னு எனக்கே இவங்க சொல்லிக் குடுக்கணுமா" என்று முணுமுணுத்துக்கொண்டே மறுநாளும் கிளம்புவாள். எழுத்து திருந்தி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு துண்டுக் காகிதமும் குப்பைக்குப் போகவில்லை. கடிதத்தின் மேல் தாத்தாவின் ராணுவ நம்பர் இருந்ததால், என்றைக்காவது சாட்சிக்கு ஆகும் என்று அவருடைய கடிதங்களும் பிழைத்தன.

சித்திரக்குளத்துக்குப் பின்புறம் இருந்த அந்த வீட்டில் சமையலறையை ஒட்டிப் பரண். பெட்டி இருந்தது அங்கேதான். விறகடுப்புக் காலத்துப் புகை ஏறி ஏறிக் காகிதமெல்லாம் தேன் நிறமாகிவிட்டது. ஆனால் ராமபாணப் பூச்சி அண்டவில்லை. வருஷத்துக்கு ஒரு தரம், ஆடி கழிந்ததும், பாட்டி பெட்டியை இறக்கி முற்றத்து வெயிலில் ஒரு புடவை விரித்துக் காகிதங்களைப் பரப்புவாள். மேலே சின்னச் சின்னக் கருங்கல் ஜல்லி. எடுத்து வைக்கும்போது மூலைக்கு ஒரு வசம்புத் துண்டு. பேரப் பிள்ளைகளான நாங்கள் காக்காய் வராமல் காவல் இருப்போம். எனக்குப் படிக்க வந்ததும் நான் காவல் காத்த லட்சணம், கையில் அகப்பட்டதைப் படித்ததுதான்.

கொள்ளுத்தாத்தா காகிதம் கொஞ்சம்தான். மருத்துவப் படிப்பு படித்து ராணுவத்தில் சப்-அசிஸ்டெண்ட் சர்ஜனாகச் சேர்ந்து பஸ்ரா போனவர். பெரிய டாக்டர்களுக்கு அடுத்த படி, கட்டுப் போடுகிறவர்களுக்கு மேல் படி. வேலை முழுக்க அந்த நடுப்படியின் தலையில் விழும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைக் கொளுத்தியதே, அன்றைக்கு மயிலாப்பூர்க்காரர்கள் மூட்டை கட்டியபோது இவரும் கட்டினாராம். ஊரைவிட்டு ஓடியவர் இரண்டு வருஷத்தில் போருக்கே போனார் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். மெட்ராஸ் மாகாணத்தார் பணம் திரட்டி 'மெட்ராஸ்' என்றே பெயர் வைத்து ஒரு ஆஸ்பத்திரிக் கப்பல் அனுப்பினார்கள். பிறகு ஜஸ்டிஸ் கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான டாக்டர் டி.எம். நாயர் அதில் மருத்துவராகப் போனவர். அந்தக் காலத்து மெட்ராஸ் டாக்டர்கள் பலருக்குப் போர் ஒரு ஊழியமாகவும் இருந்தது, ஒரு பட்டமாகவும் ஆனது. அடையாறில் தியசாபிகல் சொஸைட்டி நூலகத்தை நடத்திய ஜி. சீனிவாசமூர்த்தியைக் கடைசிவரை கேப்டன் சீனிவாசமூர்த்தி என்றுதான் ஊர் அழைத்தது. போரில் பெற்ற கேப்டனை வைத்துக்கொண்டு அவர் சித்த, ஆயுர்வேத வைத்தியத்துக்காக வாதாடினார். சர்க்கார் இந்திய வைத்தியப் பள்ளிக்கு முதல் தலைவரும் அவரே.

எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்படியொன்றும் ஒட்டவில்லை. இரண்டு பதக்கம் வந்தது. ஒன்று வெள்ளி, ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. இன்னொன்று வெண்கலம். வெள்ளி 1930களில் ஒரு கல்யாணச் செலவுக்கு அடகுக் கடைக்குப் போய் மூழ்கிவிட்டது. வெண்கலத்தை அடகுக்காரர் தொடவில்லை, அதனால் தங்கியது. விளிம்பில் அவர் பெயரைப் பொடி எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அதோடு ஒரு நோட்டுப் புத்தகம். நாட்குறிப்பாக்கும் என்று ஆசையோடு திறந்தால் மணியார்டர் கணக்கு. ஒரு பக்கத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலில், "பேரீச்சம்பழம் இங்கே கொட்டிக் கிடக்கிறது. புளி இல்லை." மெசபடோமியாப் போர் பற்றி எங்கள் குடும்பத்தின் சாட்சியம் அவ்வளவே.

அவருக்குப் பிறகு இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ராணுவக் கதவு ஏறக்குறைய சாத்தப்பட்டது. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்துக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர் சண்டைக்கு உதவார் என்று முடிவு கட்டியவர். பின்னால் இந்தியா முழுவதற்கும் தளபதியானதும் அந்த முடிவு சர்க்கார் கொள்கையே ஆகிவிட்டது. 1758இலிருந்து வேர் பிடித்த மெட்ராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்து 1928க்குள் கணக்கை முடித்தார்கள். மிஞ்சியது பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சாப்பர்கள். பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் தொழில். வீரமற்ற சாதிகள் என்று தள்ளியவர்கள், முன்னே போய் வெடியைத் தோண்டியெடுக்க மட்டும் அந்த ஆட்களையே வைத்துக்கொண்டார்கள். இந்தத் தர்க்கத்தை நான் எத்தனை தரம் யோசித்தாலும் எனக்குப் பிடிபடுவதில்லை. மறுபடி போர் முற்றி ஆள் தட்டுப்பாடு வந்ததும் 1941, 42இல் மெட்ராஸ் காலாட்படையை அவசரமாகத் திரும்ப எழுப்பினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பர்களைப் பட்டாளத்தில் 'தம்பி' என்று கூப்பிடுவார்கள். தாத்தா அப்படியொரு தம்பி. குமாஸ்தா தம்பி. நான்காவது இந்திய டிவிஷனோடு இருந்த பதினோராவது ஃபீல்டு பார்க் கம்பெனியில் சாமான் கணக்கு. கடப்பாரை, கம்பிச் சுருள் தொடங்கிப் பாலத்து இரும்புவரை எதெது வந்தது, எதெது போனது என்று எழுதுகிற வேலை. 1940 கடைசியில் கப்பல் ஏறினார். பாட்டி அப்போது வயிற்றில் அப்பாவோடு இருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. திரும்பி வந்தது 1946. அப்பாவுக்கு ஐந்து வயது. வாசலில் நின்ற ஆளைப் பார்த்து "பாட்டி, யாரோ போலீஸ்காரர்" என்று உள்ளே ஓடினாராம்.

இடையில் ஐந்தரை வருஷக் குடித்தனம் முழுக்கத் தபாலில் நடந்தது.

கடிதங்கள் ஒழுங்காக வரமாட்டா. மாசி மாதக் கடிதம் ஆனியில் வரும், சித்திரைக் கடிதம் அதற்கு முன்னால் வந்து நிற்கும். எதற்கு எது பதில் என்று தலை சுற்றும். அதனால் இரண்டு பேரும் நம்பர் போட்டுக்கொண்டார்கள். யார் யோசனை என்று தெரியாது. கணக்கெழுதுகிறவர் யோசனையாகத்தான் இருக்கும் என்று அப்பா சொல்வார். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தாத்தாவின் கடிதம் ஒவ்வொன்றும் இப்படித்தான் தொடங்கும்: "உன் நம்பர் 41 கிடைத்தது. 39, 40 இன்னும் வரவில்லை." மேலே ஊர்ப் பெயர் இருக்காது, போடக் கூடாது. தபால் எண் மட்டும். அவருடைய ஆபீசரே படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டு, முத்திரை குத்தினபின்தான் உறை ஒட்டப்படும். அங்கங்கே ஒரு சொல், இரண்டு சொல் நீல மையால் அடிக்கப்பட்டிருக்கும். வெயிலில் பிடித்துப் பார்த்தால் தெரியும் என்று நாங்கள் எல்லாரும் பிடித்துப் பார்த்திருக்கிறோம். தெரியாது.

எழுதக் கூடாதவற்றைக் கழித்தால் மிஞ்சுவது வீடு. அதை விலாவாரியாகக் கேட்டார். குளத்துத் தண்ணீர் எத்தனாவது படி? கிணற்றுக்குப் புதுக் கயிறு போட்டாயா, பழசையே முடிச்சுப் போட்டு ஓட்டுகிறாயா? பால்காரன் கன்றுக்குட்டியைக் காட்டிக் கறக்கிறானா, வைக்கோல் கன்றைக் காட்டிக் கறக்கிறானா? நாகேஸ்வர ராவ் பூங்காவில் நட்ட மரங்கள் ஆள் உயரம் வந்தனவா? கோயில் வடக்கு மாட வீதியில் தேர் திரும்பும் இடத்தில் வழக்கமாக நிற்கிற திண்ணையில்தான் நின்றாயா, அங்கே இப்போது யார் யார் நிற்கிறார்கள்? பதில் வர நாலு மாதமாகும் கேள்விகள் இவை. தண்ணீர் வற்றிவிடும், கன்று மாடாகிவிடும். கேட்பதை அவர் விடவில்லை. நான் பார்த்திராத 1940களின் மயிலாப்பூர் எனக்குத் தெருத் தெருவாகத் தெரியும் என்றால், அது இந்தக் கேள்விகளால். டிராம் 1953இல் நின்றுபோயிற்று, நான் பிறந்ததே அதற்கு வெகு பின்னால். ஆனாலும் லஸ் முனையில் டிராம் திரும்பும்போது கம்பியில் பொறி பறக்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளை அதைப் பார்த்துப் பயப்படுகிறானா என்று ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறாரே.

வேடிக்கை என்னவென்றால் அந்த வருஷங்களில் பாட்டிக்காக அவர் பயந்த அளவுக்கு அவருக்காகப் பாட்டி பயந்தாளா என்பது சந்தேகம். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வந்திறங்குகிறான் என்று மெட்ராஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சர்க்கார் ஆபீசுகளே உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின. மிருகக்காட்சி சாலையில் சிங்கம் புலிகளை, கூண்டு உடைந்து ஊருக்குள் வந்தால் என்ன செய்வது என்று, மலபார் போலீஸை விட்டுச் சுட்டார்கள். பாட்டி ஒரு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செய்யாறு பக்கம் சொந்த ஊருக்குப் போனாள். வட ஆப்பிரிக்காவில் இருந்த தாத்தாவின் கடிதத்தில் அந்த மாதம் ஒரே பதற்றம். "நான் இங்கே சௌக்கியமாக இருக்கிறேன். நீ ஏன் ஆபத்தில் இருக்கிறாய்" என்று எழுதியிருக்கிறார். சண்டைக்குப் போனவர் வீட்டில் இருப்பவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பான் விமானம் வந்து மெட்ராஸ் மேல் உண்மையாகவே குண்டு போட்டுவிட்டுப் போயிற்று. அதற்கும் ஒரு கடிதம் இருக்கிறது. அதன் பாதி, வீட்டு ஜன்னல் கண்ணாடிக்குப் பழுப்புக் காகிதம் ஒட்டும் முறை.

போருக்கு மிக அருகே வந்த வரி 1944 மார்ச்சில் எழுதியது. முதலில் வழக்கம்போல நம்பர் கணக்கு. பிறகு இத்தாலி என்று சொல்லாமல், "இங்கே ஒரு மரம், இலை வெளுப்பு, காய் நாவல்பழம் மாதிரி, வாயில் வைத்தால் கசப்பு" என்று ஒரு வர்ணனை. அதன் கீழே: "கபாலி கோயிலில் நாலு பேருக்குச் சாப்பாடு போடு. காரணம் வந்து சொல்கிறேன். அடுத்த ஜில்லாக்காரர்."

காரணம் எங்களுக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. 1944 பிப்ரவரி 24 அன்று மிஞ்ஞானோ என்ற இடத்தில் சுபேதார் சுப்பிரமணியன் தலைமையில் சாப்பர்கள் கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்தவர் ஒருவரின் கால் வெடியில் பட்டது. அது கிளம்பி வெடிப்பதற்கு இருந்த நொடியில் சுபேதார் தன் உடம்பை அதன்மேல் போட்டு மூடினார். மற்றவர்கள் பிழைத்தார்கள். செங்கல்பட்டு ஜில்லா கீழோட்டிவாக்கத்துக்காரர். மரணத்துக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் பெற்றார். தாத்தாவின் கம்பெனியேதான். தாத்தா ஊருக்கு வந்தபின்னும் இதைப் பெரிதாக விவரித்ததில்லை. ஒவ்வொரு மாசியிலும் நாலு பேருக்கு இலை போடுவது மட்டும் நடந்தது. ஏன் என்று கேட்டால், "நம்ம சுபேதாருக்கு" என்பார். அந்த இலைகளில் நாலாவது வழக்கமாக எனக்குக் கிடைக்கும், பாயசத்துக்காக. தாத்தா போனபின் பாட்டி நடத்தினாள். பாட்டிக்குப் பின் அப்பா நடத்தினார். அப்புறம் நின்றுபோனது.

இனி என் ஏக்கத்துக்கு வருகிறேன். பெட்டியில் தாத்தாவின் கடிதங்கள் இருக்கின்றன. பாட்டியின் கடிதம் ஒன்றுகூட இல்லை.

இருக்கவும் முடியாது. முன்னணிக்கு நகரும்போது சொந்தக் கடிதங்களைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு. பிடிபட்டால், எந்தப் படை, எங்கிருந்து வந்தது என்று எதிரி அதை வைத்தே கண்டுபிடிப்பானாம். நகரும்போதெல்லாம் கொளுத்திவிட்டேன் என்று தாத்தா சொல்லியிருக்கிறார். சொல்லும்போது குரலில் ஒன்றும் இருக்காது, கணக்கிலிருந்து தள்ளுபடி செய்த சாமானைச் சொல்வதுபோலச் சொல்வார். பாலைவனத்தில் ஒரு குவியல், இத்தாலியில் ஒரு குவியல், மயிலாப்பூரின் அத்தனை சேதியும் சாம்பலாயிற்று. பாட்டி அஞ்சாம் கிளாஸ் படித்தவள். நல்ல கையெழுத்து என்று அத்தை சொல்வாள். எங்களிடம் உள்ள பாட்டியின் கையெழுத்தெல்லாம் பென்ஷன் ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்புக்கு மேல் போட்டது. அதிலும் சர்க்கார் திருத்திக் கொடுத்த எழுத்து.

ஆகவே நான் பாட்டியைப் பதில்களிலிருந்து தோண்டி எடுக்கிறேன். "நீ சொன்னது சரி, பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்" என்று தாத்தா எழுதினால், ஏதோ ஒரு பத்திரத்தில் அவள் ஏமாறாமல் தப்பியிருக்கிறாள். "ரேஷன் அரிசியில் அவ்வளவு கல்லா? அந்தக் கடைக்காரனை நீ அப்படிக் கேட்டிருக்க வேண்டாம், ஆனாலும் கேட்டது நல்லது" என்றால், எப்படிக் கேட்டாள்? என்ன சொல்லால் கேட்டாள்? எங்களுக்குத் தெரிந்த பாட்டி அதிகம் பேசாதவள், வெற்றிலை மடித்துக்கொண்டு மற்றவர்கள் பேச்சைக் கேட்கிறவள். ரேஷன் கடையில் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்ட பெண் அந்த நாற்பத்தொரு கடிதத்தில் இருந்தாள். நாற்பத்தொன்று என்பதும் 1943வரை. கடைசியாக அவர் பெற்றுக்கொண்டதாக எழுதிய எண் 96. இரண்டு உலகப் போருக்கும் ஆவணக் காப்பகம் உண்டு. பிரான்சிலிருந்து இந்தியச் சிப்பாய்கள் 1914, 15இல் எழுதியதில் பல இன்றைக்கும் படிக்கக் கிடைப்பதற்குக் காரணம், அன்றைய சென்சார்காரர்கள் அவற்றைப் படித்து மொழிபெயர்த்து வைத்ததுதான். வேவு பார்த்தவர்கள் புண்ணியம். பாட்டியைப் போன்றவர்களை எவரும் வேவுகூடப் பார்த்து வைக்கவில்லை.

அப்பாவின் கட்டு பெரிது, சுவாரசியம் குறைவு. 1962 சீனப் போர் வந்தபோது அவர் விவேகானந்தா கல்லூரியில் பட்டம் வாங்கி வேலை தேடிக்கொண்டிருந்தார். அவசரத்துக்கு ஆபீசர்களை உருவாக்கவென்று 1963 தொடக்கத்தில் பரங்கிமலையில் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள், மெட்ராஸில் கல்லூரி முடித்த பையன்கள் சைக்கிளிலேயே போய் விசாரித்துச் சேர்ந்தார்கள். தாத்தாவின் குமாஸ்தா கம்பெனியிலிருந்து ஒரு லெப்டினெண்ட். தாத்தா வாசலில் நிமிர்ந்து நின்று மகனுக்கு சல்யூட் வைத்தாராம், விளையாட்டாகவா நிஜமாகவா என்று அப்பாவுக்கு எப்போதும் தீர்மானமில்லை. பிறகு இன்லண்ட் லெட்டர் காலம். எல்லாவற்றிலும் '56 ஏ.பி.ஓ.', எல்லாவற்றிலும் "இங்கே நலம், அங்கே நலமா". 1965க்குச் சமர் சேவா ஸ்டார், 1971க்கு ஒரு பதக்கம். அம்மா நினைவில் 71 என்றால் டிசம்பர் இருட்டடிப்பு, ரேடியோ, தி.நகரில் பெரியம்மா வீட்டில் படுத்த பத்துப் பதினைந்து ராத்திரி. அம்மாவின் கடிதங்களை அப்பா பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தார், ஆனால் அவர் ஓய்வு பெற்றபின் ஒரு போகி அன்று அம்மா தன் கடிதங்களைத் தானே எடுத்துப் போட்டுவிட்டாள். கேட்டால், "அதுல என்ன இருக்கு, மளிகை லிஸ்ட்தான்" என்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மளிகை லிஸ்ட்தானே எனக்கு வேண்டும்.

அண்ணன் பாங்க்கில் சேர்ந்தான். அவன் மகள் சேரவில்லை, பட்டாளத்துக்குப் போனாள். பெண்களைப் பரங்கிமலையில் பயிற்சிக்கு எடுக்க ஆரம்பித்தது 1992இல். இவள் போனபோது அது ஓர் அதிசயமாக இல்லை. அவளுடைய அணிவகுப்புக்குப் போயிருந்தோம். மைதானத்துக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயர். 1972இல் அங்கே பயிற்சி முடித்துப் போய், 1987 நவம்பர் 25இல் இலங்கையில் மார்பில் குண்டு வாங்கியபடி சண்டையிட்டு இறந்தவர், பரம் வீர் சக்கரம் பெற்றவர். பேண்டு வாத்தியம், கடைசிப் படியைத் தாண்டும் 'அந்திம் பக்', தோளில் நட்சத்திரம் குத்தும் சடங்கு. குத்த வேண்டியவன் அண்ணன். கை நடுங்கி ஊசி அவன் விரலில் ஏறிவிட்டது. அவள் இப்போது வடக்கே எங்கோ இருக்கிறாள், எங்கே என்று போனில் சொல்லமாட்டாள். வாட்ஸ்அப்பில் தினம் ஒரு வரி வரும். "ஆல் ஓகே அத்தை. மைலாப்பூர்ல மழையா?" பரம்பரை விட்டுப்போகவில்லை என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அந்த போனை மாற்றினால் போயிற்று.

சித்திரக்குளத்து வீடு இப்போது இல்லை. பங்காளிகள் எட்டுப் பேர், பில்டர் ஒருவர், நாலு மாடி. அம்மாவும் நானும் தி.நகரில் பனகல் பார்க்குக்கு நடக்கிற தூரத்தில் ஒரு ஃபிளாட்டில். பரண் கிடையாது, லாஃப்ட் என்று சிமெண்டு அலமாரி ஒன்று, மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். புகை ஏறாத காகிதத்துக்குப் பூச்சி சீக்கிரம் மோப்பம் பிடிக்கிறது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் எல்லாவற்றையும் லாமினேட் செய்யச் சொன்னார். தயவுசெய்து உங்கள் வீட்டில் யாரும் அதைச் செய்யாதீர்கள், பிளாஸ்டிக்குக்குள் காகிதம் வெந்து சாகும். அண்ணன் அடையாறு காந்தி நகரிலிருந்து வரும்போதெல்லாம் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் கொடுத்துவிடலாம், ஸ்கேனாவது எடுக்கலாம் என்கிறான். அவன் சொல்வது நியாயம். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஊர், வீட்டுக்கு ஒரு ஆளாவது பட்டாளத்துக்குப் போயிருப்பார்கள், ராணுவப்பேட்டை என்றே பெயர். அப்படிப்பட்ட ஊர்களிலெல்லாம் எத்தனை கறுப்புப் பெட்டி இருக்கும், அவற்றில் எத்தனை பழைய இரும்புக்காரர் தராசுக்குப் போயிருக்கும் என்று யோசித்தால் எங்கள் பெட்டியைப் பூட்டி வைப்பது அல்பமாகத்தான் படுகிறது. கொடுத்துவிடுவோம். அதற்கு முன் கடிதங்களை நம்பர் வரிசையில் அடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லி, அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையாகத் தொடங்கி, 23இல் நின்றுபோயிருக்கிறது.

பாட்டியின் 23க்குத் தாத்தா எழுதிய பதில் நாலே வரி. "உன் நம்பர் 23 கிடைத்தது. நீ கேட்டதற்கு இதில் பதில் எழுத முடியாது, நாலு பேர் படிக்கிறார்கள். நேரில் சொல்கிறேன். அதுவரை அண்ணாவுக்குத் தெரிய வேண்டாம்." அவர் நேரில் வர அதற்குப் பிறகு நாலு வருஷம் ஆயிற்று. என்ன கேட்டாள் என்று அப்பாவே ஒரு தரம் பாட்டியிடம் கேட்டிருக்கிறார். "எல்லாம் உனக்கு எதுக்குடா" என்று வெற்றிலையை மடக்கினாளாம்.

நிலத்தகராறுதான் என்கிறாள் அம்மா, பெரிய தாத்தா செய்யாற்றில் ஒரு காணியைத் தன் பேருக்கு எழுதப் பார்த்தது ஊரறிந்தது. அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அம்மா வீட்டுக் கெம்பு அட்டிகை ஒன்று போருக்கு அப்புறம் யாரும் பார்த்ததில்லை, அதை வித்துட்டியான்னு கேட்டிருப்பா, இல்லைன்னா வித்துடட்டுமான்னு கேட்டிருப்பா என்கிறாள். அண்ணனுக்கு ஒரு சந்தேகம் உண்டு, பதினெட்டு வயதுப் பெண், கைக்குழந்தை, கணவன் முகம் மறந்துபோகிற காலம், திரும்பி வருவீர்களா என்று நேராகவே கேட்டிருப்பாள் என்று. அதற்கு ஏன் அண்ணாவுக்குத் தெரியக் கூடாது என்று அத்தை மடக்கினாள். வாட்ஸ்அப்பில் இதையெல்லாம் அண்ணன் மகளுக்குப் போட்டேன். ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது: "பாட்டி தானும் ஏதாவது வேலைக்குப் போகட்டுமான்னு கேட்டிருப்பாங்க. அப்போ பொண்ணுங்களையும் எடுத்தாங்க அத்தை. செக் பண்ணுங்க." செக் செய்தேன். 1942இல் பெண்கள் துணைப்படை என்று ஒன்றை ஆரம்பித்திருக்கிறார்கள், எடுக்கத்தான் எடுத்திருக்கிறார்கள். அத்தை இன்னும் அட்டிகையிலேயே நிற்கிறாள்.